சாயக் கட்டையும் ஒளிவிடும் உயிரும்

சென்ற சில வருஷங்களாக நமது நாட்டில் கருங்காலி மாலை என்பதாக ஒரு புது வியாபாரம் கிளம்பி, இன்று அது பட்டி தொட்டியெல்லாம் பரவி நிற்பதை வாசகர்கள் அறிவார்கள். ருத்திராக்ஷமும் துளசி மணியும் ஸ்படிகமும் போதாதென்று இப்போது கறுப்பு மணி வந்திருக்கிறது. சினிமாக்காரர்கள் சிலர் கழுத்தில் அது தொங்குவதை வாலிபர்கள் பார்த்தார்கள். செல்போனில் ஜோசியர்கள் அதற்கு வியாக்கியானம் சொன்னார்கள். முடிவில் சேலம் கடைத்தெருவிலும், நாமக்கல் கோட்டை அடிவாரத்திலும், திருச்செங்கோட்டு மலையடியிலும், ராசிபுரம் சந்தையிலும் வெற்றிலை பாக்கைப் போல் அது விற்பனைக்கு வந்து விட்டது. லாரிக்கு முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிக் கொண்டிருந்த டிரைவர்கள் அதோடு நிற்காமல் கறுப்பு மணியையும் கட்டுகிறார்கள். தறிப்பட்டறையில் தார் சுற்றுகிற பையன்கூட ஒரு வாரக் கூலியைக் கொடுத்து அதை வாங்கிப் போட்டுக் கொள்ளுகிறான்.

அதன் மகிமையோ கொஞ்சமல்ல. அதைப் போட்டால் செவ்வாய் தோஷம் நீங்குமாம், கடன் அடையுமாம், கண் திருஷ்டியும் ஏவலும் பில்லி சூனியமும் அண்டாதாம், ரத்தக் கொதிப்பும் சர்க்கரை வியாதியும் இறங்குமாம், செல்போன் கோபுரத்திலிருந்து வருகிற மின்காந்தக் கதிரையும் அது இழுத்துக் கொள்ளுமாம். முன்காலத்துப் புரோகிதன் "சாஸ்திரம் சொல்லுகிறது" என்பதோடு நிறுத்திக் கொள்வான். இக்காலத்து வியாபாரி "சாஸ்திரமும் சொல்லுகிறது, சயன்சும் சொல்லுகிறது" என்று இரண்டு சாட்சிகளைக் கொண்டு வருகிறான். இந்த இரண்டு சாட்சிகளையும் கூண்டில் ஏற்றி விசாரித்துப் பார்ப்பது நமது கடமையாகும்.

முதலில் சாஸ்திரத்தையே எடுத்துக் கொள்வோம். நவக்கிரக ஹோமம் என்பதில் ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒவ்வொரு சமித்து வைத்திருக்கிறார்கள். சூரியனுக்கு எருக்கு, சனிக்கு வன்னி, செவ்வாய்க்குக் கருங்காலி. ஆனால் அந்தக் கருங்காலி எது? வடமொழியில் கதிரம் என்று சொல்லப்படுகிற மரம் அது. முள்ளுள்ள வேல மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. அதன் வயிரக் கட்டையைச் சீவிக் காய்ச்சித்தான் வெற்றிலைக்குப் போடுகிற காசுக்கட்டி எடுக்கிறார்கள். சித்த வைத்தியர்கள் கருங்காலிக் கட்டை என்று மருந்துக்கு எடுப்பதும் இதைத்தான். இதன் வயிரம் சிவப்பும் பழுப்புமாக இருக்குமே தவிர, கரியைப் போல் கறுப்பாக இருக்காது.

கன்னங்கரேலென்று பளபளக்கிற கருங்காலி வேறொரு மரம். அது பீடி சுற்றுகிற இலை மரத்துக்குப் பங்காளி. தென்னாட்டிலும் இலங்கையிலும் உள்ள காடுகளில் மிக மெதுவாக வளருவது. பியானோ வாத்தியத்தின் கறுப்புக் கட்டைகளும் பெரிய மனிதர் வீட்டுக் கைத்தடிகளும் ஒரு காலத்தில் அதில்தான் செய்யப்பட்டன. பெயர் ஒன்றாயிருந்தாலும் மரம் இரண்டு, குடும்பமும் இரண்டு. ஆகவே செவ்வாய் பகவானுக்குப் பிரியமானதென்று அவர்களுடைய புத்தகமே சொல்லுகிற மரம் ஒன்று. பகவான் பெயரால் கடையில் தொங்குவது இன்னொன்று. தனக்கு எந்த மரம் பிரியம் என்பதே தெரியாத கிரகமா நமது பெண்களின் கல்யாணத்தைத் தடுத்து வைத்திருக்கிறது என்று கேட்கிறோம்.

இதுநிற்க, அந்தக் கறுப்பு மரமாவது அசலா என்றால், அங்கேதான் வேடிக்கை இருக்கிறது. கறுப்புக் கருங்காலி மரத்தில் நடு வயிரம் மட்டுமே கறுப்பு. சுற்றிலும் உள்ள வெளிக்கட்டை வெளுப்பாயிருக்கும். மரம் முதிர்ந்தால்தான் வயிரம் பாயும். அதற்குப் பல பத்து வருஷங்கள் வேண்டும். ஒரு மாலைக்கு 108 மணி. சேலம் கடைத்தெருவில் மட்டும் தொங்குகிற மாலைகளை எண்ணி, 108ஆல் பெருக்கி, இத்தனை மணிக்கும் வயிரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். காட்டில் வெட்டியதென்றால் காட்டிலாகாவின் அனுமதிச் சீட்டைக் காட்ட வேண்டும். சீட்டு இல்லையென்றால் ஒன்று அது களவு, இல்லையேல் அது சாயம். "கொல்லிமலைச் சரக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லி விட்டால் சமவெளியில் எதுவும் விலை போய்விடும் என்கிற தைரியம் வியாபாரிக்கு இருக்கிறது. கொல்லிமலையில் உள்ள மலையாளி மக்களைக் கேட்டால் அவர்களுக்கு அன்னாசியும் மிளகும் பலாவும் தெரியும். அவர்களுடைய மலையின் பெயரால் கீழே என்னென்ன விற்கிறதென்று கேட்டால் அவர்களே அதிசயப்படுவார்கள்.

மரத்தைக் கறுப்பாக்குவது மந்திர வித்தையுமல்ல, புது வித்தையுமல்ல. ஐரோப்பாவில் தச்சர்கள் பேரிக்காய் மரத்துக்குச் சாயமேற்றி, கருங்காலியைப் போல் பல நூறு வருஷங்களாகச் செய்து வந்திருக்கிறார்கள். காடியில் துருப்பிடித்த இரும்பைப் போட்டு ஊற வைத்து, அந்த நீரை மரத்தின் மேல் தடவினால், மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் கூடி மரம் கறுத்துப் போகும். இதை ஐரோப்பியனிடம் போய்க் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நமது பாட்டன்மார் எழுதுகிற மை கூட்டினார்களே, அது இதுதான். கடுக்காயில் துவர்ப்பு, அன்னபேதியில் இரும்பு, இரண்டும் கூடினால் கறுப்பு. இந்தக் காலத்தில் அவ்வளவு சிரமமும் வேண்டியதில்லை. ரசாயனச் சாயம் டின்னில் கிடைக்கிறது. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் சாயப்பட்டறையில் வேலை செய்கிற தோழர்களுக்கு, நூலுக்குக் கறுப்பு ஏற்றத் தெரிந்த கைக்குக் கட்டைக்குக் கறுப்பு ஏற்ற எவ்வளவு நேரமாகும் என்பது நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படிப்பட்ட கைகளே அந்த மணியை வாங்கிக் கழுத்தில் போட்டுக் கொள்வதைத்தான் நம்மால் சகிக்க முடியவில்லை.

அசலைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டால் அதற்கும் வியாபாரிகளிடம் பதில் இருக்கிறது. தண்ணீரில் போட்டால் அசல் மூழ்கும், போலி மிதக்கும் என்பது ஒன்று. கனமான எந்தக் கட்டையும் மூழ்கத்தான் செய்யும். தண்ணீரில் போட்டு வைத்தால் நிறம் இறங்கும், அதுவே அசல் என்பது இன்னொன்று. அதற்கு அடுத்த கடையில், நிறம் இறங்கினால் போலி, இறங்காவிட்டால்தான் அசல் என்கிறார்கள். காசுக்கட்டி மரமானால் தண்ணீர் சிவக்கும் என்பது வாஸ்தவம். ஆனால் அந்த மரம் கறுப்பாயிருக்காது. கறுப்பு மணியிலிருந்து கறுப்புத் தண்ணீர் இறங்கினால் அது சாயம் வெளுக்கிறது என்றுதான் எந்தச் சலவைத் தொழிலாளியும் சொல்லுவார். சாயம் வெளுப்பதையே அசலுக்கு அத்தாட்சியாகக் காட்டி விற்கிற சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

சாயமேற்றுவதை நாம் குற்றமென்று சொல்ல வரவில்லை. மேசை நாற்காலிக்குச் சாயம் ஏற்றுகிறவன் இது சாயமென்று சொல்லி, சாயத்துக்கும் கூலி கேட்டு வாங்குகிறான். சேலைக்குச் சாயம் தோய்க்கிறவன் இந்தச் சிவப்பு கடவுள் கொடுத்த சிவப்பு என்று சொல்லுவதில்லை. கட்டையை வாங்கியவனிடம் கட்டைக்கு உள்ள விலையை வாங்கினால் அது வியாபாரம். அவனுடைய கடனையும் வியாதியையும் மகளின் கல்யாணத்தையும் பயமாகக் காட்டி வாங்கினால் அதற்குப் பெயர் வேறு.

கடன் என்று சொல்லும்போது ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. 2025 ஜூலையில் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்களில் சிலர் கடன் தாங்க மாட்டாமல் தங்கள் சிறுநீரகத்தை விற்ற செய்தி வெளிவந்தது. சர்க்கார் விசாரணைக்கு உத்தரவிட்டது. விஷயம் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. ஆணும் பெண்ணும் இரவு பகலாகத் தறி ஓட்டியும் வட்டி கட்ட முடியாமல், கடைசியில் வயிற்றைக் கிழித்து உறுப்பை எடுத்து விற்கும்படியான நிலைமை காவிரிக் கரையிலேயே இருக்கிறது. அப்பேர்ப்பட்ட ஜனங்களிடத்தில் "கடன் தீரும்" என்று சொல்லி ஒரு கறுப்புக் கட்டையை விற்பதென்றால், அதைவிட ஈரமற்ற காரியம் வேறென்ன இருக்க முடியும்? கூலி ஏன் உயரவில்லை, வட்டி ஏன் இத்தனை, பாங்கி ஏன் ஏழைக்குக் கதவைத் திறப்பதில்லை என்று கேட்க வேண்டிய வாயை அந்த மணி அடைத்து விடுகிறது. கடன் தீராவிட்டாலும் குற்றம் மணியினுடையதல்லவாம். அவன் மாமிசம் தின்று விட்டானாம், தீட்டுப் பட்டுவிட்டதாம், வேறு மாலை வாங்க வேண்டுமாம்.

செவ்வாய் தோஷம் என்பதும் அப்படியே. செவ்வாய் என்பது ஒரு கிரகம். பூமிக்கு மிகவும் நெருங்கி வருகிற காலத்திலும் சுமார் 5.5 கோடி கிலோ மீட்டருக்கு அப்பால் இருப்பது. 2013 நவம்பர் 5ந் தேதி இந்திய விஞ்ஞானிகள் அதற்கு மங்கள்யான் என்ற விண்கலத்தை ஏவினார்கள். அன்று என்ன கிழமை தெரியுமா? செவ்வாய்க்கிழமை! எந்தக் கிழமையில் நல்ல காரியம் தொடங்கக் கூடாதென்று நமது வீடுகளில் சொல்லுகிறார்களோ, அந்தக் கிழமையிலேயே தொடங்கி, 2014 செப்டம்பர் 24ந் தேதி அது செவ்வாயைப் போய்ச் சேர்ந்து சுற்ற ஆரம்பித்தது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடிக் கிராமத்தில், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கொங்கு நாட்டுப் பிள்ளை செவ்வாய்க்கு எந்திரம் அனுப்புகிறான். கொங்கு நாட்டுப் பெண் செவ்வாயால் கல்யாணமின்றி வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். இந்த இரண்டும் ஒரே காலத்தில் நடக்கிறது.

இனி சயன்சு என்ற இரண்டாவது சாட்சிக்கு வருவோம். இந்த வியாபாரத்தை நாம் கண்டித்தால், "நீங்கள் எல்லா அதிசயத்தையும் இல்லையென்கிறவர்கள்; உலகத்தில் அறிவுக்கு எட்டாதது எவ்வளவோ இருக்கிறது" என்று சிலர் சொல்லுகிறார்கள். நாம் எந்த அதிசயத்தையும் இல்லையென்று சொன்னதில்லை. அதிசயத்தைக் கண்டால் கன்னத்தில் போட்டுக் கொள்ளாமல் கிட்டப் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்லுகிறோம். மரத்திலேயே மெய்யான அதிசயம் ஒன்றைச் சொல்லுகிறோம், கேளுங்கள். மழைக்காலத்தில் அடர்ந்த காட்டில் இற்றுப்போன சில கட்டைகள் இருட்டில் பச்சை நிறமாக ஒளிவிடும். மகாராஷ்டிரத்தில் பீமாசங்கர் காட்டில் இதைக் காண மழைக்காலத்தில் ஜனங்கள் போகிறார்கள். சித்தர் மலைகளில் சோதிப்புல் என்றும் சோதி விருக்ஷம் என்றும் கதை கட்டி, அதைப் பிடுங்க அமாவாசையும் பலியும் வேண்டுமென்று சொல்லுகிறவர்கள் இதைக் கண்டால் என்ன செய்வார்களென்று ஊகித்துக் கொள்ளலாம்.

1667இல் இங்கிலாந்தில் ராபர்ட் பாயில் என்பவர் அப்படி ஒளிவிடும் கட்டைத் துண்டு ஒன்றைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, பம்பினால் உள்ளேயிருந்த காற்றை இழுத்தார். ஒளி மங்கி மறைந்தது. காற்றைத் திரும்ப விட்டார். ஒளி வந்து விட்டது. தேங்காய் உடைக்கவில்லை, திசைக்கட்டு கட்டவில்லை. காற்றில்லாமல் இந்த ஒளி இல்லை என்று தெரிந்து கொண்டார். பிற்காலத்தில் அது கட்டையின் ஒளியல்ல, கட்டையைத் தின்னுகிற காளானின் ஒளி என்று தெரிந்தது. மின்மினிப் பூச்சியிலும் இதே மாதிரிதான். அதன் உடம்பில் ஊறுகிற ஒரு பொருள் காற்றிலுள்ள பிராண வாயுவுடன் கூடும்போது சூடில்லாத வெளிச்சம் உண்டாகிறது. 2019 ஆகஸ்டு 18ந் தேதி இரவு சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக ஒளி வீசின. கடலிலுள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் பெருகியதால் வந்தது அது. ஜனங்கள் போய்க் காலை நனைத்து, போட்டோ பிடித்துக் கொண்டு வீடு திரும்பினார்கள். நூறு வருஷத்துக்கு முன்பு ஒரு கோயில் வாசலில் அப்படி நடந்திருந்தால் இந்நேரம் அதற்கு ஸ்தல புராணமும் தீர்த்தமும் உண்டியலும் ஏற்பட்டிருக்கும்.

இதைவிடப் பெரிய கதை ஒன்று உண்டு. 1945 ஆகஸ்டு 9ந் தேதி நாகசாகி மேல் அணுகுண்டு விழுந்தபோது, அதற்குச் சில மைல் தள்ளி ஒரு பதினாறு வயதுப் பையன் தொழிற்சாலையில் வேலைக்கு உட்கார்ந்திருந்தான். அந்த வெளிச்சத்தில் அவன் கண் சிறிது நேரம் குருடாயிற்று. அவன் பெயர் ஒசாமு ஷிமோமுரா. உயிரைக் கொல்லுகிற வெளிச்சத்தைப் பார்த்த அவரே பிற்காலத்தில் உயிருக்குள்ளிருந்து வருகிற வெளிச்சத்தைத் தேடினார். 1961 கோடையில் அமெரிக்கக் கடற்கரையில் அவரும் கூட்டாளிகளும் சுமார் 10,000 ஜெல்லி மீன்களை வலையில் அள்ளி, ஒவ்வொன்றின் ஓரத்தையும் கத்தரித்துப் பிழிந்து, அதிலுள்ள ஒளிப் பொருளைப் பிரித்தார்கள். அதோடு கூடப் பச்சையாக ஒளிரும் இன்னொரு புரதமும் கிடைத்தது. 1994இல் மார்ட்டின் சால்ஃபி என்பவர் அந்தப் புரதத்துக்குரிய மரபணுவை ஒரு சிறு புழுவுக்குள் வைத்து, அந்தப் புழுவின் நரம்பைப் பச்சையாக ஒளிரச் செய்தார். ரோஜர் சியன் என்பவர் அதிலிருந்து பல நிறங்களை உண்டாக்கினார். 2008இல் இம்மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதன் பிறகு ஒளிவிடும் எலி, முயல், பன்றி, பூனை எல்லாம் வந்து விட்டன. இவை மின்மினியைப் போல் தாமாக ஒளி விடுவதில்லை. நீல வெளிச்சமோ ஊதாக் கதிரோ பட்டால் பச்சையாகவோ சிவப்பாகவோ மினுங்கும். வேடிக்கைக்காகவா இவ்வளவும்? 2011இல் அமெரிக்காவில் பூனைகளுக்கு வருகிற எய்ட்ஸ் போன்ற நோயைத் தடுக்க ஒரு மரபணுவைப் பூனைக்குள் வைத்தபோது, அது உள்ளே போய்ச் சேர்ந்ததா என்பதைக் கண்டுகொள்ளவே கூடவே ஒளி மரபணுவையும் வைத்தார்கள். புற்றுநோய் எங்கே பரவுகிறது, மலேரியாக் கிருமி உடம்பில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு இந்த ஒளிதான் விளக்காக இருக்கிறது. 1940களில் பெரியார் "இனிவரும் உலகம்" பற்றி எழுதி, ஆண் பெண் சேர்க்கையில்லாமலே குழந்தை உண்டாக்கலாம் என்றபோது சிரித்தவர்கள் உண்டு. 1978இல் இங்கிலாந்தில் சோதனைக் குழாய் மூலம் முதல் குழந்தை பிறந்தது. சிரித்தவர்களின் பேரன்மார் இப்போது அந்த வைத்தியத்துக்காகச் சேலத்து ஆஸ்பத்திரிகளில் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நமது வாசகர்களுக்கு மிகவும் பழக்கமான பிராணி ஒன்றைக் கொண்டு இதை விளக்கலாம். நாமக்கல் கோழிப் பண்ணைகளில் தினந்தோறும் கோடிக்கணக்கில் முட்டை எடுக்கிறார்கள். முட்டைக்காக வளர்க்கிற இனத்தில் பொரிக்கும் குஞ்சுகளில் பாதி சேவல். அவை முட்டையும் இடா. கறிக்கும் சீக்கிரம் தேறா. ஆகவே பொரித்த அன்றே பிரித்து அழித்து விடுவார்கள். இல்லையேல் மலிவாகத் தள்ளி விடுவார்கள். அப்படித் தள்ளிய குஞ்சுகளைத்தான் பச்சை, ரோஸ், நீலம், மஞ்சள் என்று சாயத் தொட்டியில் முக்கி, கூடையில் போட்டு, தெருவிலும் திருவிழாவிலும் கலர் கோழிக்குஞ்சு என்று விற்கிறார்கள். பெரும்பாலும் அவை சில நாட்களில் செத்துப் போகின்றன. பிழைத்தவை புது இறகு முளைத்து வெள்ளையாகி விடுகின்றன. ஆறு வயதுக் குழந்தைகூட இரண்டாம் வாரத்தில் "சாயம் போச்சு" என்று சொல்லி விடுகிறது. ஜாதகம் தப்பி விட்டதென்று அது சொல்லுவதில்லை. கழுத்தில் கறுப்பு மணியோடு நிற்கிற அதன் தகப்பனாருக்கு அந்த அளவு அறிவு வந்தால் நமக்குப் போதும்.

இந்தச் சேவல் குஞ்சுக்கு விஞ்ஞானம் என்ன வழி தேடுகிறது? ஆஸ்திரேலியாவில் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற சர்க்கார் ஆராய்ச்சி நிலையத்தார், ஒளிரும் புரதத்தின் மரபணுவைப் பெட்டைக் கோழியின் பாலினக் குரோமோசோமில் வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். தாயிடமிருந்து அந்தக் குரோமோசோம் சேவலுக்கு மட்டுமே போகும். ஆகவே முட்டை இட்டவுடனே வெளிச்சம் காட்டிப் பார்த்து, ஒளிர்ந்தால் சேவல் முட்டை என்று முன்னதாகவே ஒதுக்கி விடலாம். பெட்டைக் குஞ்சுக்குள் அந்த மரபணு வருவதே இல்லை. ஜெர்மனியில் 2022 ஜனவரி முதல் சேவல் குஞ்சுகளைக் கொல்லுவதைச் சட்டத்தால் நிறுத்தி, வேறு முறைகளில் முட்டையிலேயே பால் பிரிக்கிறார்கள். ஒரு பக்கம் குஞ்சின் முதுகில் சாயம். இன்னொரு பக்கம் முட்டைக்குள் ஒளி. இரண்டும் மனிதன் செய்ததுதான். ஆனால் ஒன்றைச் செய்தவன் எப்படிச் செய்தேன் என்று அச்சடித்து உலகத்துக்குக் காட்டுகிறான். வேண்டுமானால் நீயும் செய்து பார், தப்பாயிருந்தால் சொல் என்கிறான். கருங்காலி வியாபாரியிடம் போய் இந்தக் கறுப்பு எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். நம்பிக்கையோடு கேட்க வேண்டும் என்பான்.

விஞ்ஞானத்தின் பெயரால் செய்வதெல்லாம் நல்லதென்று நாம் சொல்ல மாட்டோம். கங்கை நதிப் பக்கத்தைச் சேர்ந்த ஜீப்ரா மீனுக்கு, தண்ணீரிலுள்ள அசுத்தத்தைக் கண்டறியும் நோக்கத்தோடு 1999 வாக்கில் சிங்கப்பூர் விஞ்ஞானிகள் ஒளி மரபணு வைத்தார்கள். அமெரிக்க வியாபாரிகள் 2003இல் அதைக் கண்ணாடித் தொட்டி அலங்காரமாக விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். அது பிரேசில் நாட்டு ஓடைகளில் தப்பிப் போய்ப் பெருகுகிறதென்று 2022இல் எச்சரித்தவர்களும் விஞ்ஞானிகளே. நமது நாட்டிலும் 1989ஆம் வருஷத்து விதிகளின்படி சர்க்கார் குழுவின் அனுமதியின்றி மரபணு மாற்றிய உயிரை விற்கக் கூடாது. அழகு மீன் வாங்குகிற தோழர்கள் இதைத் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது. ஊசியால் குத்திச் சாயம் ஏற்றிய கண்ணாடி மீனும் உண்டு. கலர் கோழிக்குஞ்சின் தம்பி அது.

இருட்டில் ஒளிவிடும் நாகரத்தினம் என்றும், கோடி ரூபாய் பெறும் இரட்டைத்தலை மண்ணுளிப் பாம்பு என்றும் சொல்லி ஏமாற்றுகிற கூட்டமும் இதே வகையறாதான். எந்தப் பாம்பின் தலையிலும் மாணிக்கம் கிடையாது. குழந்தைகள் சுவரில் ஒட்டுகிற நட்சத்திரத் தாளில் உள்ள ஒளிப்பொடியைக் கண்ணாடிக் கல்லில் தடவினால் இருட்டில் எத்தனை நாகரத்தினம் வேண்டுமானாலும் மினுங்கும். மண்ணுளிக்கு இரண்டு தலை கிடையாது. வால் மொட்டையாயிருப்பதுதான் சங்கதி. அதைப் பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் வருஷத்து வனஉயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஏமாந்தவனும் ஜெயிலுக்குப் போவான் என்பதை வாலிபர்கள் மனதில் வைக்க வேண்டும்.

சர்க்காரையும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. சேலம் ஜில்லாவில் ஜவ்வரிசியை வெளுப்பாக்க ரசாயனம் கலக்கிறார்களென்று உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சேகோ ஆலைகளுக்குப் போய்ச் சோதனை போடுகிறார்கள். போட வேண்டியதுதான். ஜவ்வரிசி வெளுப்பானதற்குக் காரணம் கேட்கிற சர்க்காருக்குக் கட்டை கறுப்பானதற்குக் காரணம் கேட்க ஏன் வாய் வரவில்லை? சட்டம் இல்லையா? 1954ஆம் வருஷத்திலேயே மருந்துகள், மாந்திரீகப் பரிகாரங்கள் ஆட்சேபகரமான விளம்பரச் சட்டம் என்று ஒன்று இந்தியா முழுமைக்கும் இருக்கிறது. தாயத்து, மந்திரம், கவசம் முதலிய எதையும் வியாதி தீர்க்கும் என்று விளம்பரம் செய்வது அதன்படி குற்றம். சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் அந்தச் சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கின்றன. முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. செல்போனில் தினம் ஆயிரம் பேர் இந்தக் குற்றத்தைச் செய்து கொண்டிருக்கிறார்கள்.

1971 ஜனவரியில் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடந்த ஊர் சேலம். அந்த ஊர்த் தோழர்கள் இந்த விஷயத்தில் முன்னால் நிற்க வேண்டுமென்று எதிர்பார்க்கிறோம். இலங்கையில் ஆபிரகாம் கோவூர் 1963இல் ஒரு லக்ஷம் ரூபாய் பந்தயம் வைத்து, தெய்வீக சக்தியைத் தக்க சோதனையில் காட்டும்படி உலகத்திலுள்ள எல்லாச் சாமியார்களையும் அழைத்தார். 1978இல் அவர் இறக்கும் வரை அந்தப் பணத்தை ஒருவராலும் வாங்க முடியவில்லை. நமக்கு லக்ஷம் வேண்டியதில்லை. கிளைக் கழகங்கள் சந்தை நாட்களில் ஒரு மேசை போட்டு, அதன் மேல் ஒரு வாளித் தண்ணீரும், கொஞ்சம் பஞ்சும், ஸ்பிரிட்டும், ஒரு ரம்பமும் வைத்தால் போதும். மாலை போட்டிருப்பவர்களைக் கேலி செய்யாமல், அவர்களாக ஒரு மணியைக் கழற்றித் தரச் சம்மதித்தால் துடைத்துப் பார்க்கலாம். அறுத்து உள்ளே என்ன நிறமென்று காட்டலாம். சாயம் வரவில்லையானால் வரவில்லையென்றே சொல்லி, அப்படியானால் இந்த மரம் எந்தக் காட்டுக் களவு என்ற அடுத்த கேள்வியைக் கேட்கலாம். மாலை வாங்கியவர்கள் கடையில் மரத்தின் பெயர் எழுதிய ரசீது கேட்க வேண்டும். "சர்க்கரை வியாதி தீரும்" என்று நோட்டீஸ் போட்டிருந்தால் அந்த நோட்டீஸோடு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு பிரதியை நமக்கும் அனுப்பலாம்.

வியாபாரிகள் யாராவது தங்கள் மணியில் சாயம் இல்லையென்றும், அதனால் ஒருவருடைய கடன் தீர்ந்ததென்றும் ருசுவோடு எழுதினால், ஒரு வரியும் குறைக்காமல் வெளியிடச் சித்தமாயிருக்கிறோம். காட்டிலாகாச் சீட்டின் நகலையும் கூடவே அனுப்பினால் சௌகரியமாயிருக்கும்.